பயர்வால் மீது ஏன் பழி?

ஒரகடம் பகுதியில் உள்ள சில உதிரி பாகத் தொழிற்கூடங்களுக்கு சாப்ட்வேர் எழுதித் தருவது என் வேலை. புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள், கம்பெனி சர்வரில் உள்ள ஸ்டாக் கணக்கை வீட்டிலிருந்தே பார்க்க ஆசைப்படுகிறார்கள். டேட்டாபேஸ் இணைப்பு கிடைக்கவில்லை என்றால் உடனே யாராவது ஆலோசனை தருவார்கள்: "பயர்வாலை ஆஃப் செய்துவிடுங்கள்." சர்வரிலும் ஆஃப், லேப்டாப்பிலும் ஆஃப்! இது தவறான வைத்தியம் என்பது என் கருத்து.

லேப்டாப்பில் உள்ள விண்டோஸ் பயர்வால், வெளியே செல்லும் இணைப்பை இயல்பாகத் தடுப்பதே இல்லை. அதை ஆஃப் செய்து என்ன பயன்? திரையில் வரும் பிழைச் செய்தியை முதலில் முழுமையாகப் படியுங்கள். "லாகின் பெயில்டு" என்று வந்தால் சர்வர் வரை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் சரி பாருங்கள். "ரெப்யூஸ்டு" என்றால், அந்தக் கம்ப்யூட்டர் பதில் தருகிறது. ஆனால் நீங்கள் தட்டிய போர்ட்டில், அதாவது எண்ணிட்ட கதவில், பெரும்பாலும் டேட்டாபேஸ் காத்திருக்கவில்லை. எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ் பதிப்பை நிறுவினால் டி.சி.பி./ஐ.பி. வழி மூடியே இருக்கும். நாம்தான் அதை இயக்க வேண்டும். "டைம்டு அவுட்" வந்தால்தான் முகவரி தவறா, சர்வர் அணைந்துள்ளதா, பயர்வால் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். (பிங் செய்து பதில் வராததை வைத்து முடிவு கட்டாதீர்கள். நன்றாக இயங்கும் பல சர்வர்கள் பிங்கிற்குப் பதில் தருவதில்லை.)

சர்வரில் பயர்வாலை ஆஃப் செய்தால் என்ன ஆகும்? 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற வைரஸ், இன்டர்நெட்டில் திறந்து கிடந்த மைக்ரோசாப்ட் எஸ்.க்யூ.எல். சர்வர்களில் 1434 போர்ட் வழியே நுழைந்தது. அதன் அளவு வெறும் 376 பைட். சிக்கக்கூடிய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றைப் பத்தே நிமிடங்களில் பிடித்துவிட்டது. அமெரிக்காவில் ஏ.டி.எம்.கள் கூட முடங்கின. இத்தனைக்கும் அதற்கான பேட்ச் பைல் ஆறு மாதம் முன்பே வந்திருந்தது! பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2017 மே மாதம் வானாகிரை பரவியபோது, இங்கே ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் கார் ஆலையும் பாதிக்கப்பட்டது. அது டேட்டாபேஸ் வழியாகப் பரவவில்லை; பைல் பகிரும் 445 போர்ட் வழியாகப் பரவியது.

சர்வரைக் கவனிப்பவரிடம் வி.பி.என். இணைப்பு கேளுங்கள். அதன் வழியே வருபவர்களுக்கு மட்டும் பயர்வாலில் 1433 போர்ட்டைத் திறக்கச் சொல்லுங்கள். மை எஸ்.க்யூ.எல். என்றால் 3306. ஏற்கெனவே பயர்வாலை ஆஃப் செய்திருந்தால், முதலில் அதை ஆன் செய்துவிட்டு இந்த வேலையைத் தொடங்குங்கள்.