லட்சம் கோடி டாலர் கணக்கில் உல்லாஸ்நகர் எங்கே?

மகாராஷ்டிரத்தை லட்சம் கோடி டாலர் பொருளாதாரமாக உயர்த்தியே தீருவோம் என்று ஆட்சியாளர்கள் மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். மும்பைப் பெருநகர்ப் பகுதியின் பொருளாதாரம் 14,000 கோடி டாலர், அதை 2030க்குள் 30,000 கோடி டாலராக்க வேண்டும் என்று 2024ஆம் ஆண்டில் நிதி ஆயோக் திட்டம் தீட்டிக் கொடுத்தது. நல்லது. வளர்ச்சி வேண்டாம் என்று சொல்பவர்கள் அல்லர் நாம். வளர்ச்சி இருக்கும் இடம் தேடித்தான் நம் பாட்டன்மார் திருநெல்வேலியிலும் சேலத்திலும் ரயிலேறினார்கள். ஆனால், இந்த முழக்கத்தின் இரைச்சலில் இரண்டு கேள்விகள் அமுங்கிப் போகின்றன. இந்த வளர்ச்சியை உண்டாக்கியவர் யார்? அதற்கு விலை கொடுப்பவர் யார்?

விடை தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. கல்யாணைத் தாண்டியதும் வருகிற உல்லாஸ்நகரே போதும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது பட்டாளத்துக்காகப் போட்ட கூடாரம். 1947இல் நாடு துண்டாடப்பட்டபோது, சிந்துவிலிருந்து உடுத்த துணியோடு வந்த ஏறக்குறைய லட்சம் பேரைச் சர்க்கார் அந்தப் பட்டாளக் கொட்டடிகளில் கொண்டுபோய் அடைத்தது. 1949 ஆகஸ்டு 8ஆம் நாள் அங்கே அடிக்கல் நாட்டியவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. அந்த ஊருக்குப் பெயர் சூட்டிய விழாவில் ஒரு தமிழர் நின்றிருக்கிறார் என்பதை இங்குள்ள தமிழர்களில் எத்தனை பேர் அறிவோம்?

அந்த அகதிகள், அரசாங்கம் ஆலை கட்டித் தரட்டும் என்று காத்திருக்கவில்லை. கொட்டடி வாசலிலேயே அப்பளம் இட்டார்கள், மிட்டாய் காய்ச்சினார்கள், துணி தைத்தார்கள், மரச்சாமான் செய்தார்கள். 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்றால் உல்லாஸ்நகர் சிந்தி சங்கத்தின் தயாரிப்பு என்று ஊரார் கேலி பேசினார்கள். கேலி பேசியவர்களே அந்தச் சரக்கை வாங்கவும் செய்தார்கள். இன்று நாட்டின் பல மூலைகளுக்கும் போகிற ஜீன்ஸ் கால்சட்டைகள் அந்த ஊர்ப் பட்டறைகளில் தைக்கப்படுகின்றன. வெறும் 13 சதுர கிலோமீட்டரில், 2011 கணக்கெடுப்பின்படி 5,06,098 பேர் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். ஒன்றுமில்லாதவர்களாக வந்தவர்கள் கட்டியெழுப்பிய நகரம் அது.

அவர்கள் மட்டும் வரவில்லை. 1982 ஜனவரி 18ஆம் நாள் தத்தா சாமந்த் தலைமையில் பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளர் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்தப் போராட்டம் நசுங்கியது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஆலைப் புகைபோக்கிகள் அணைந்தனவே தவிர, துணித் தொழில் அணையவில்லை. அது பிவண்டியின் விசைத்தறிக் கூடங்களுக்கும், சங்கம் இல்லாத, வருகைப் பதிவேடு இல்லாத சின்னஞ்சிறு பட்டறைகளுக்கும் சிதறிப்போனது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகை ஏற ஏற, நம்மவர்களும் கல்யாண், அம்பர்நாத், உல்லாஸ்நகர் என்று தண்டவாளத்தோடு தள்ளிக்கொண்டே போனார்கள்.

இந்த மாநிலம் எதனால் வளர்ந்தது என்று பொருளாதாரம் படித்தவர்களைக் கேளுங்கள். துறைமுகம் என்பார்கள், 1853இல் தாணேவுக்கும் மறு ஆண்டே கல்யாணுக்கும் ஓடிய ரயில் என்பார்கள், 1915இல் கொப்போலியில் டாடா உண்டாக்கிய நீர்மின்சாரம் என்பார்கள், 1962இல் அமைந்த மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் என்பார்கள். எல்லாம் உண்மை. ஆனால் துறைமுகம் தானாக மூட்டை தூக்காது, மின்சாரம் தானாகத் துணி தைக்காது. வந்தவனுடைய கையும் முதுகும் சேர்ந்த பிறகுதான் அவையெல்லாம் செல்வமாயின. பட்டியலில் எல்லாவற்றையும் எழுதுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

விட்டுவிடுவதோடு நிற்கிறார்களா? வந்தவன்தான் வேலையைப் பறித்தான் என்று பழியும் போடுகிறார்கள். 1966இல் சிவசேனை தோன்றியபோது அந்தப் பழி நம் தலையில் விழுந்தது. லுங்கி கட்டியவன் விரட்டப்பட வேண்டியவன் ஆனான். பிறகு அதே பழி உத்தரப் பிரதேசத்தான் மீதும் பீகாரி மீதும் இடம் மாறிற்று. நம்மை விட்டுவிட்டார்கள் என்று நம்மில் சிலர் நிம்மதி கொள்கிறார்கள். சிலர் கூடச் சேர்ந்து கல்லெடுக்கவும் தயாராகிறார்கள். வெட்கக்கேடு! பக்கத்து வீட்டுக் கூரையில் பற்றிய தீ நம் கூரைக்கு வராது என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

உண்மையில் மராத்திய உழவன் மகனின் வேலை எங்கே போயிற்று? அதைத் தமிழனோ பையாவோ பறிக்கவில்லை. விதர்ப்பத்தில் பருத்தி விளைந்தது, பம்பாயில் ஆலை எழுந்தது, லாபமும் பம்பாயிலேயே தங்கிற்று. மும்பை, தாணே, பூனா ஆகிய ஒரு முக்கோணத்துக்குள் தொழில் குவிந்தது. மராத்வாடா வறட்சியில் காய்ந்தது. இது நாம் கண்டுபிடித்த குற்றச்சாட்டு அன்று. மாநில அரசே 1983இல் தாண்டேகர் தலைமையில் குழு போட்டு, எந்தப் பகுதி எவ்வளவு பின்தங்கிவிட்டது என்று அளந்து பார்த்தது. அதற்குப் பத்தாண்டு கழித்து 1994இல் விதர்ப்பத்துக்கும் மராத்வாடாவுக்கும் எஞ்சிய மகாராஷ்டிரத்துக்கும் தனித்தனி வளர்ச்சி வாரியங்கள் அமைந்தன. 2013இல் கேல்கர் குழுவும் அறிக்கை தந்தது. குழுவுக்கு மேல் குழு! கடைசியில் 2020 ஏப்ரல் 30ஆம் நாள் அந்த வாரியங்களின் ஆயுளும் முடிந்தது.

ஆகவே மராத்வாடாவின் காய்ந்த நிலத்தை விட்டு வந்தவனும், தாமிரபரணிக் கரையை விட்டு வந்தவனும் ஒரே சாலில் அடுத்தடுத்த அறையில் இருக்கிறார்கள். இருவரையும் ஊரைவிட்டுக் கிளப்பியது ஒரே காரணம்: பணம் ஓர் இடத்தில் குவிந்தது, மற்ற இடங்கள் கைவிடப்பட்டன. இந்த இருவரும் ஒருவரையொருவர் பகையாகப் பார்த்தால், லாபம் யாருக்கு? இருவருக்கும் கூலியைக் குறைத்துக் கொடுக்கிறவனுக்குத்தான்.

சரி, வளர்ச்சி குவிந்த இடத்திலாவது தொழிலாளி வாழ்கிறானா? உல்லாஸ் ஆற்றின் பெயரைத் தாங்கிய நகரத்துக்குச் சொந்தமாகக் குடிநீர் ஆதாரம் இல்லை. தொழில் வளர்ச்சிக் கழகத்திடம் விலைக்கு வாங்கித்தான் குடிக்கிறது. ஊருக்குள் ஓடும் வால்துனி ஆறு, சாயமும் அமிலமும் கலந்து நாளுக்கொரு நிறத்தில் ஓடியது. வழக்கு நடந்தது. 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் அபராதம் விதித்தது. உச்சநீதிமன்றம் வரை போன பிறகு ஜீன்ஸ் சலவைப் பட்டறைகளுக்குப் பூட்டு விழுந்தது. ஆற்றைக் காக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்த ஆற்றங்கரைக் குடிசையில் இருப்பவர்கள் நாம்தான், அந்தக் காற்றை மூச்சாக இழுப்பவர்களும் நாம்தான். நாம் கேட்பது வேறு. பட்டறைகள் பெருகிய இத்தனை ஆண்டுகளில், அந்தக் கழிவு முழுவதையும் வாங்கிச் சுத்திகரிக்க ஏன் வழி செய்யவில்லை? வரி வாங்கத் தெரிந்தவர்களுக்குச் சாக்கடை கட்டத் தெரியாதா? பூட்டு விழுந்த அன்று முதலாளி வேறு ஊரில் கொட்டகை போட்டுக்கொள்வான். நாள்கூலிக்காரன் எங்கே போவான்?

வீட்டின் கதையும் இதுதான். அனுமதியில்லாத மாடிகள் எழும்பியபோது அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டார்கள். நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2006இல் சட்டமன்றம் உல்லாஸ்நகருக்கென்றே தனிச் சட்டம் போட்டு அவற்றை முறைப்படுத்த முன்வந்தது. காகிதம் முறையானால் கம்பியும் சிமெண்டும் முறையாகிவிடுமா? 2021 மே மாதத்தில், இரண்டே வாரத்துக்குள், இரண்டு கட்டடங்களில் தளம் சரிந்து உயிர்கள் பலியாயின. மலிவு வாடகை தேடி அப்படிப்பட்ட மாடிகளில் குடியேறுகிறவன் உழைப்பாளிதானே?

சட்டமாவது கைகொடுக்கிறதா? 1979இல் வந்த வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம், கங்காணி கூட்டி வந்தவனை மட்டுமே கணக்கில் எடுத்தது. மாமன் கையைப் பிடித்து வந்தவனுக்கும், மச்சான் கடிதத்தை நம்பி வந்தவனுக்கும் அதில் இடமில்லை. அதன் இடத்துக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் தானாக வந்தவனையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் வெளிமாநிலத்தார் பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் அந்தப் பகுதி செல்லும். ஆறு தையல் இயந்திரம் போட்டு, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசும் பட்டறை உல்லாஸ்நகரின் தெருவுக்குத் தெரு உண்டு. அங்கே குனிந்திருப்பவன் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவே மாட்டான். லட்சம் கோடி டாலரில் அவன் தைத்த உருப்படி மட்டும் சேரும், அவன் சேரமாட்டான்.

ஆகவே நாம் கேட்கிறோம். பத்துப் பேர் என்ற வரம்பை நீக்கி, ஒரே ஒருவன் வேலை செய்தாலும் பதிவு செய்யுங்கள். பட்டறையை மூடுமுன் கழிவுக்கு வழி செய்யுங்கள். மூடியே ஆக வேண்டுமென்றால் தொழிலாளிக்கு மாற்று வேலையும் இழப்பீடும் கொடுங்கள். ஆபத்தான கட்டடத்தை இடிக்கும்போது, சொந்தக்காரனுக்கு மட்டுமல்லாமல் வாடகைக்கு இருந்தவனுக்கும் கூரை கொடுங்கள். விதர்ப்பத்துக்கும் மராத்வாடாவுக்கும் சேர வேண்டிய பணத்தைச் சேர்ப்பியுங்கள். அந்தக் கோரிக்கையை மராத்தியர்களின் கோரிக்கை என்று ஒதுங்கி நிற்காமல் நாமும் உரக்கச் சொல்ல வேண்டும். அங்கே வேலை பிறந்தால்தான் இங்கே நம்மேல் விழும் பழி நீங்கும்.

தமிழ் அன்பர்களே! பொங்கல் விழா நடத்துவோம், பள்ளிக்கூடமும் நடத்துவோம். அவற்றோடு, வரும் நகராட்சித் தேர்தல்களில் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவனிடம் தமிழில் வணக்கம் சொல்லத் தெரியுமா என்று பார்த்து மகிழ்ந்து போகாமல், இந்தக் கோரிக்கைகளுக்குப் பதில் கேட்போம். தனியாகக் கேட்டால் மதராசி கேட்கிறான் என்பார்கள். சிந்திப் பட்டறையில் வேலை செய்யும் மராத்தியனையும் பையாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேட்போம். அப்போது யார் என்ன பெயர் சொல்லி நம்மைப் பிரிக்க முடியும்?