ஏட்டுச் சுரைக்காயும் எரிபொருட் கணக்கும்

காலை ஏழு மணிக்குப் பாமன்கடைச் சந்தியில் நின்று பார்ப்பவர்க்கு ஓர் உண்மை விளங்கும். ஹவ்லொக் வீதியிலும் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையிலும் மோட்டார் வண்டிகள் ஓடுவதிலும் பார்க்க நிற்பதே அதிகம். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் தந்தையும், அலுவலகத்துக்கு நேரமாயிற்றே என்று தவிக்கும் தாயும் பத்தடி நகர்ந்து, நின்று, மீண்டும் பத்தடி நகர்கின்றனர். வண்டி நிற்கிறது, இயந்திரம் நிற்பதில்லை. எரிபொருள் எரிந்துகொண்டேயிருக்கிறது.

இந்த வண்டியை வாங்கிய நாளில் அக்குடும்பத்துக்குச் சொல்லப்பட்டது என்ன? ‘லீற்றருக்கு இருபது கிலோமீற்றர், அதற்கும் மேலே ஓடும்’ என்பதே. இன்று கிடைப்பதோ பத்து, சிலருக்கு எட்டு. மாதம் 500 கிலோமீற்றர் ஓடும் வீட்டுக்கு ஏட்டுக் கணக்கின்படி 25 லீற்றர் போதும். வீதிக் கணக்கின்படி 50 லீற்றர் வேண்டும். 2022 ஜூன் மாத இறுதியின் விலையில் இந்த வேறுபாடு மட்டும் 11,750 ரூபா. மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு இது சிறு தொகையா?

அரசியல் பேசும் ஏட்டுக்கு மோட்டார் வண்டியின் பெற்றோல் கணக்கில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். 2022ஆம் ஆண்டை மறந்தவர் மட்டுமே அவ்வாறு கேட்க முடியும்.

2021 டிசெம்பர் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபாவாக இருந்தது. ஆறு மாதங்களில், 2022 ஜூன் 26ஆந் திகதி, அது 470 ரூபாவாயிற்று. ஏப்ரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று அரசாங்கம் அறிவித்திருந்தது. ஜூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எவருக்கும் ஜூலை 10 வரை எரிபொருள் இல்லையென்று கதவடைத்தது. அதன் பின்னர் கியூஆர் குறியீட்டுடன் பங்கீட்டு முறை வந்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்; முச்சக்கர வண்டிக்கு 5; மோட்டார் சைக்கிளுக்கு 4. இருநூறு ரூபாவுக்குப் பெற்றோல் அடித்துப் பழகியவர்கள் நாட்கணக்காக வரிசையில் காத்துக்கிடந்தனர்.

அந்த 20 லீற்றரின் பொருளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் வண்டி 20 லீற்றரில் 160 கிலோமீற்றர் செல்லும். புத்தளத்தைத் தாண்டி அநுராதபுரத்தை அடையுமுன் நின்றுவிடும். லீற்றருக்கு 18 ஓடும் வண்டி 360 கிலோமீற்றர் சென்று ஆனையிறவை எட்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மவரின் பெற்றோரும் உடன்பிறப்புகளும் வடக்கிலும் கிழக்கிலும் இருக்கின்றனர். ஊரில் தாய் நோயுற்றாள் என்று செய்தி வந்தால், தம் வண்டி உண்மையில் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பதை அறியாதவர் புறப்படவும் துணியார். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சான இலக்கம் அன்று எவரையும் ஊர் சேர்க்கவில்லை.

இத்தகைய நாட்கள் நமக்குப் புதியவையுமல்ல. 1990ஆம் ஆண்டிலிருந்து குடாநாட்டுக்கு எரிபொருள் செல்வது தடைப்பட்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்துப் பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அழுத்த விகிதம் குறைந்த அந்த இயந்திரங்கள் அதற்கு இடங்கொடுத்தன. புகையைக் கக்கிக்கொண்டேனும் ஓடின. ஒரு போத்தல் எண்ணெய் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பது அந்நாளில் வண்டி வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். அவர்கள் எந்த விளம்பர ஏட்டையும் நம்பியிருக்கவில்லை, அளந்து அறிந்திருந்தனர். அந்த அளக்கும் பழக்கத்தையே நாம் இன்று கைவிட்டோம்.

விளம்பர ஏட்டின் இலக்கம் எங்கே பிறக்கிறது? வீதியில் அல்ல, சோதனைக்கூடத்தில். வண்டியின் சில்லுகளை உருளைகளின்மேல் நிறுத்தி, பயிற்றப்பட்ட ஓட்டுநர் ஒருவர், முன்கூட்டியே வகுத்த வேக அட்டவணையின்படி ஓட்டுகிறார். குளிரூட்டி இயங்குவதில்லை. கொழும்பின் வெயில் அங்கே இல்லை. மழை வெள்ளம் இல்லை. குறுக்கே பாயும் முச்சக்கர வண்டியும் இல்லை. வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட இத்தகைய பொது முறை வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒப்பிடப் பிறந்த இலக்கத்தை வாக்குறுதியாக்கி விற்பது வேறு.

நம் வீதிகளில் எங்கும் காணப்படும் டொயோட்டா அக்வா வண்டியை எடுத்துக்கொள்வோம். 2011 டிசெம்பரில் ஜப்பானில் அது வெளிவந்தபோது, பழைய ‘10-15’ சோதனை முறைப்படி லீற்றருக்கு 40 கிலோமீற்றர் என்றும், புதிய ‘ஜே.சி. 08’ முறைப்படி 35.4 கிலோமீற்றர் என்றும் அறிவிக்கப்பட்டது. வண்டி ஒன்று, இயந்திரம் ஒன்று, இலக்கம் மட்டும் இரண்டு! அளக்கும் முறை மாறியதும் நாலரைக் கிலோமீற்றர் மறைந்தது. 2018 ஒக்டோபர் முதல் ஜப்பானில் மற்றொரு முறை நடைமுறைக்கு வந்தது. அது நகரம், புறநகர், விரைவுச்சாலை என்று மூன்று இலக்கங்களைத் தனித்தனியே தருகிறது. கொழும்பில் வாங்குபவரின் காதில் விழுவதோ இவற்றுள் பெரியதொன்றே.

சோதனையே நேர்மையாக நடவாத வேளைகளும் உண்டு. 2016 ஏப்ரலில் ஜப்பானின் மிட்சுபிசி நிறுவனம், ஏறத்தாழ 6,25,000 சிறு கார்களின் எரிபொருட் சோதனைத் தரவுகளைத் திரித்ததாக ஒப்புக்கொண்டது. அதற்கு முன் 2012இல் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் விற்ற ஏறத்தாழ 9 இலட்சம் வண்டிகளின் இலக்கங்களைக் குறைத்துத் திருத்த நேர்ந்தது. ஏமாற்று எதுவும் இல்லாதவிடத்தும் இடைவெளி இருக்கவே செய்கிறது. ஐரோப்பாவில் 2021 முதல் புதிய கார்களுக்குள்ளேயே எரிபொருளை அளக்கும் கருவி உள்ளது. அவற்றின் கணக்கைத் திரட்டி 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஆணைக்குழு அறிக்கை வெளியிட்டது. பெற்றோல், டீசல் வண்டிகள் சோதனைக்கூட இலக்கத்திலும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அதிகமாக எரிபொருளைக் குடிக்கின்றன என்பதே அதன் முடிவு. மின்செருகியால் ஏற்றும் கலப்பு வண்டிகளின் உண்மையான புகை வெளியேற்றமோ ஏட்டில் உள்ளதைப்போல் மூன்றரை மடங்கு!

ஐரோப்பாவின் சீரான வீதிகளிலேயே இந்நிலை என்றால் காலி வீதியில் என்ன நடக்கும்? காரணங்கள் மறைபொருள் அல்ல. குளிர்ந்த இயந்திரம் கூடுதலாகவே குடிக்கும். மூன்று கிலோமீற்றர் தொலைவிலுள்ள பாடசாலைக்குப் போகும் வண்டி சூடேறுமுன்பே பயணம் முடிந்துவிடுகிறது. நின்றபடி இயங்கும் சாதாரணப் பெற்றோல் இயந்திரம் மணிக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை விரயமாக்கும். ஒவ்வொரு முறை தடுப்பை மிதிக்கும்போதும், எரிபொருள் கொடுத்துப் பெற்ற வேகம் வெறுஞ் சூடாகிக் கரைகிறது. இவற்றுக்கு மேல் குளிரூட்டி. காற்றுக் குறைந்த சில்லு ஒருபுறம் தன் பங்கைக் கேட்கிறது.

கலப்பு இயந்திர வண்டி தடுப்பில் இழக்கும் வலுவின் ஒரு பகுதியை மின்கலத்தில் சேர்த்துக்கொள்வதால், நகர நெருக்கடியிலேயே அதன் சிறப்பு வெளிப்படும். ஏ-9 வீதியில் நூறு கிலோமீற்றர் வேகத்தில் விரட்டினால் அச்சிறப்பு குன்றும். ஏனெனில் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுகிறது. மின்கலம் முதுமையடைந்தாலோ சேமித்த பணமெல்லாம் அதை மாற்றுவதற்கே போய்விடும். ஆகவே எவ்வண்டி நல்லது என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. பாமன்கடையிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ஓடுபவருக்கு ஒரு விடை. கிளிநொச்சியிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுபவருக்கு வேறு விடை.

கமக்காரர் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்றும் இருக்கிறது. லீற்றருக்கு 18 ஓடும் வண்டியை விற்று 20 ஓடும் வண்டியை வாங்கினால், ஆயிரம் கிலோமீற்றரில் மிச்சப்படுவது ஐந்தரை லீற்றர் மாத்திரமே. எட்டு ஓடும் பழைய வானைத் திருத்திப் பத்து ஓடச் செய்தால் அதே தூரத்தில் 25 லீற்றர் மிச்சமாகும். இரண்டும் ‘இரண்டு கிலோமீற்றர்’ முன்னேற்றந்தான். பலனோ ஒன்றுக்கு நான்கு மடங்குக்கு மேல். புதிய வண்டிக்குக் கடன்படுமுன், பட்டா வாகனத்தின் காற்று வடிகட்டியையும் எரிபொருள் தெளிகருவியையும் சில்லுக் காற்றையும் சீர்செய்வது அறிவுடைமை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, நீரிறைக்கும் இயந்திரத்தை நம்பியிருந்த தோட்டக்காரர் பட்ட பாட்டை நாம் அறிவோம். தம் இயந்திரம் ஒரு லீற்றரில் எத்தனை பரப்புக்கு நீர் பாய்ச்சும் என்று கணக்கு வைத்திருந்தவரே, எப்பயிரை வைப்பது, எதை விடுவது என்று அன்று முடிவு செய்ய முடிந்தது.

எனவே நம் வாசகர்களுக்கு நாம் கூறுவது இதுவே: அளவுங்கள். அதற்கு எந்த நிபுணரும் வேண்டியதில்லை. தாங்கியை முழுமையாக நிரப்பித் தூரமானியின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல் ஓடிவிட்டு, அதே நிலையத்தில் மீண்டும் முழுமையாக நிரப்புங்கள். ஓடிய கிலோமீற்றரை இரண்டாம் முறை ஊற்றிய லீற்றரால் வகுத்தால் வருவதே உங்கள் வண்டியின் உண்மை. ஒரு முறை போதாது. நான்கைந்து முறை செய்து சராசரி காணுங்கள். வண்டியிலுள்ள திரை காட்டும் இலக்கத்தை முற்றாக நம்பாதீர்கள். அது சற்றுத் தாராளமாகவே சொல்வதுண்டு. ஒரு நாள் இக்கணக்கு திடீரெனக் குறையுமானால், எங்கோ பழுது இருக்கிறதென்று வண்டியே உங்களுக்கு அறிவிக்கிறது. நம் முன்னோர் கலனுக்கு இத்தனை மைல் என்று கொப்பியில் எழுதி வைத்த வழக்கம் இதுதான்.

ஆனால் மக்கள் அளந்தால் போதும், அரசாங்கம் உறங்கலாம் என்று நாம் கூறவில்லை. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரி முதலாந் திகதி அரசாங்கம் தனியாருக்கும் மீண்டும் திறந்துவிட்டது. அவ்வாறு வந்திறங்கும் ஒவ்வொரு வண்டியும், ஓடும் ஆண்டுகளெல்லாம் பெற்றோலுக்காக அந்நியச் செலாவணியைக் கேட்கும். அது எவ்வளவு கேட்கும் என்று வாங்குபவருக்குச் சொல்ல வேண்டாமா? மின்குமிழுக்கே எத்தனை நட்சத்திரம் என்று முத்திரை குத்தக் கற்ற நாடு, பல இலட்சம் ரூபா விலையுள்ள வண்டியை விற்பனையாளரின் வாய்மொழிக்கு விட்டுவிடலாமா?

நாம் கேட்பவை மூன்று. முதலாவது, விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் நகர ஓட்டத்துக்கு வேறாக, நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு வேறாக இலக்கம் ஒட்டப்பட வேண்டும். எந்தச் சோதனை முறை என்பதும் அதில் இருக்க வேண்டும். ஜப்பானிய எழுத்திலுள்ள தாளை நீட்டி ‘இதில் எல்லாம் இருக்கிறது’ என்று கூறும் வழக்கம் ஒழிய வேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அவ்வறிவிப்பு சிங்களத்திலும் தமிழிலும் இருப்பது சலுகையன்று, உரிமை.

இரண்டாவது, நம் வீதிகளில் அளந்த கணக்கு வெளியிடப்பட வேண்டும். வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்காக வண்டிகள் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்குச் செல்கின்றன. அங்கே தூரமானியின் இலக்கத்தைப் பதிவது பெரிய வேலையா? கியூஆர் முறை 2023 செப்டெம்பரில் நிறுத்தப்படும் வரை, எந்த வண்டி எத்தனை லீற்றர் பெற்றது என்பதைப் பதிந்து காட்டியது. லீற்றரைப் பதிய முடிந்த நாட்டுக்குக் கிலோமீற்றரையும் பதிய முடியும். உரிமையாளரின் பெயரை நீக்கி, வகைவாரியாகச் சராசரியை வெளியிட்டால் எந்த விளம்பரமும் மக்களை மயக்க முடியாது.

மூன்றாவது, இறக்குமதித் தீர்வை இயந்திரத்தின் கொள்ளளவையே பெரிதும் நோக்குகிறது. சிறிய இயந்திரமெல்லாம் சிக்கனமானதன்று. பாரமான உடலைச் சிறிய இயந்திரம் இழுக்கும்போது அது திணறித் திணறி அதிகமாகவே குடிக்கும். உண்மையில் குறைவாகக் குடிக்கும் வண்டிக்குத் தீர்வையும் குறைவாக இருக்க வேண்டும் என்பதே நியாயம்.

இக்கோரிக்கைகளால் கருவூலத்துக்குப் பெருஞ் செலவு ஏதுமில்லை. மறுப்பவர் காரணம் சொல்லட்டும். மீண்டும் ஒரு பஞ்ச காலம் வந்தபின் வரிசையில் நின்று புலம்புவதிலும் பார்க்க, எரிபொருள் கிடைக்கும் காலத்திலேயே கணக்கைக் கேட்பது மேல். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அறிந்த மக்கள் நாம். ஏட்டுக் கிலோமீற்றரும் ஊர் கொண்டுபோய்ச் சேர்க்காது. பெற்றோலுக்குப் பணம் கொடுப்பவர் மக்கள். அது எங்கே எரிகிறது என்று கேட்கும் உரிமையும் அவர்களுடையதே.