தம்பி கடை பெஞ்சும் மகன் வீட்டுப் பீரும்



நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். தலைப்பைப் பார்த்துவிட்டு, "வாத்தியார் அமெரிக்கா போய்க் கெட்டுப்போனார்" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இந்த வயது வரை ஒரு சொட்டு தொட்டதில்லை, இனியும் தொடப்போவதில்லை. ஆனால் 34 ஆண்டுகள் கரும்பலகையில் மதுவுக்கு எதிராக எழுதிப்போட்டவன் என்ற முறையில், நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டென்று இங்கு வந்த பிறகு உறைக்கிறது. அதை எழுதிவிடுகிறேன்.

நானும் என் வீட்டம்மாவும் ஜூன் மாதம் மகன் வீட்டுக்கு வந்தோம். கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் என்ற ஊர். ராக்கி மலையின் அடிவாரம். கடல் மட்டத்திலிருந்து 5,000 அடி உயரம் என்பதால் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. வந்த முதல் வாரம் முழுக்க, பருப்பு வேகவில்லை என்று வீட்டம்மா குக்கரைத் திட்டிக்கொண்டிருந்தார். அறிவியல் பாடம் நடத்தியவன் என்ற உரிமையில் காரணத்தை விளக்கினேன். "காரணம் இருக்கட்டும், பருப்பு வேகணுமே" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் கார் நிறுத்தும் கொட்டகைக்குள் எதற்கோ போனேன். மூலையில் ஒரு பெரிய பாத்திரம், பக்கத்தில் பழுப்பு நிறத் திரவம் நிறைந்த கண்ணாடிக் குடுவை. அதன் வாயில் பொருத்தியிருந்த சின்னக் குழாயில் குமிழ் வந்துகொண்டே இருந்தது. மூடியில் மூக்கை வைத்ததும் புரிந்துவிட்டது. என் மகன் வீட்டிலேயே மது காய்ச்சுகிறான்.

நாங்கள் ஆத்தூர்ப் பக்கம். கல்வராயன் மலையும் ஊறலும் என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60 பேருக்கு மேல் செத்துப்போனதை இன்னும் மறக்கவில்லை. அதைவிட, என் சொந்தத் தம்பி குடியால் 47 வயதில் போனான். இரண்டு நாள் மகனோடு பேசவில்லை. சாப்பிட உட்காரும்போதும் தட்டைப் பார்த்தே சாப்பிட்டேன்.

அவனும் ஒன்றும் விளக்க வரவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. "அப்பா, இன்னைக்கு அடுத்த ஊறல் போடறேன். வந்து பாருங்க. பார்த்துட்டுத் திட்டுங்க" என்றான். போய் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், பரீட்சை ஹாலில் உட்காருவதைப் போல.

முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை உடைத்து, 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தான். அந்தச் சூட்டில்தான் தானியத்தில் இருக்கிற நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குமாம். பிறகு வடிகட்டி, ஹாப்ஸ் என்ற ஒரு கொடியின் காய்ந்த பூக்களைப் போட்டு ஒரு மணி நேரக் கொதி. கசப்பு அதிலிருந்து வருகிறது. கொதித்ததைச் சடாரென்று ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்து மூடினான். இதில் பாதி நேரம் பாத்திரம் கழுவுவதிலேயே போனது. ஒரு கரண்டி சுத்தமில்லை என்றாலும் மொத்தமும் புளித்துப் பாழாம். பிறகு இரண்டு வாரம் நொதிக்க விட வேண்டும். பாட்டிலில் கொஞ்சம் சர்க்கரையோடு அடைத்து இன்னும் இரண்டு வாரம். ஆகமொத்தம் ஒரு மாதம் காத்திருந்தால் 19 லிட்டர். எட்டிப் பார்த்த வீட்டம்மா, "இட்லி மாவு பொங்கற மாதிரிதானே இருக்கு, இதுக்கு எதுக்கு ரெண்டு நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மெத்தனால் பயத்தைத்தான் முதலில் கேட்டேன். நம் ஊர்ச் சாவுகளுக்குக் காரணம், தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனாலைச் சாராயத்தில் கலப்பது. வாற்கோதுமை நொதிக்கும்போது ஆபத்தான அளவுக்கு அது உண்டாவதில்லை. சட்டத்தையும் கேட்டேன். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் போன பிறகும் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றமாகவே இருந்திருக்கிறது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதை மாற்றியது. வயது வந்த இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன், அதாவது சுமார் 760 லிட்டர் வரை. விற்கக் கூடாது. சாராயம் வடிக்க அந்தச் சட்டம் இடம் தரவில்லை. அந்தக் காலத்தில் இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் போல்டர் என்ற ஊரில் சார்லி பபாசியன் என்பவர் ஊராருக்குப் பீர் காய்ச்ச வகுப்பு எடுத்திருக்கிறார். அவர் பிழைப்புக்குப் பார்த்த வேலை சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியார். இதைச் சொன்னபோது மகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

என்னை யோசிக்க வைத்தது பீர் இல்லை, புதன்கிழமை ராத்திரிதான்.

மகனுக்கு நான்கு நண்பர்கள். ஒருவர் பல் மருத்துவர், ஒருவர் தச்சர், ஒருவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார், இன்னொருவர் ஊர் நூலகத்தில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை தோறும் மலை சைக்கிள் ஓட்டப் போகிறார்கள். அதற்குப் புதன் இரவே சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் சண்டை. ஹார்ஸ்டூத் மலையா, லோரி பூங்காவா? மழை பெய்து பாதை சேறாக இருந்தால் மூடிவிடுவார்கள், திறந்திருக்கிறதா? பிற்பகலில் இந்த மலைகளில் இடி மின்னல் வரும், ஆகவே பன்னிரண்டுக்குள் கீழே இறங்கிவிட வேண்டும், அப்படியானால் எத்தனை மணிக்குக் கிளம்புவது? ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்? பம்பு யாரிடம்? சென்ற வாரம் முழங்காலில் அடிபட்ட தச்சர் இந்த ஏற்றத்தை ஏறுவாரா?

எனக்குப் பிடித்த ஒரு வழக்கம் அவர்களிடம் இருக்கிறது. யார் மெதுவோ அவர் கணக்கில்தான் பாதை தேர்வாகும். என் வகுப்பில் நான் பல ஆண்டுகள் முதல் பெஞ்சின் வேகத்தில் பாடம் நடத்தியவன். அந்த மேசையருகே உட்கார்ந்திருந்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பாதையிலும் விதிகள் உண்டு. நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள் ஒதுங்க வேண்டும். இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். பீர் எப்போது என்றால், வண்டிகளைக் காரில் ஏற்றி வீடு வந்து சேர்ந்த பிறகு ஆளுக்கு ஒரு பாட்டில். காரோட்டி மற்றவரை வீட்டில் விட வேண்டியவருக்கு அதுவும் கிடையாது.

அந்த நான்கு பேரில் பேருந்து ஓட்டுபவர் குடியை அறவே விட்டவர். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு குடும்பம் உடையும் நிலைக்குப் போய்த் திரும்பி வந்தாராம். அவரே என்னிடம் சொன்னார், ஒளிக்கவில்லை. அப்படியானால் இந்த வீட்டுக்கு எப்படி வருகிறீர்கள் என்று மகனை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டேன். அவர் விட்டபோது நண்பர்கள் செய்தது இதுதான். சனிக்கிழமை சைக்கிளோடு சேர்ந்திருந்த காய்ச்சும் வேலையைத் தனியாக ஞாயிற்றுக்கு மாற்றினார்கள். முதல் ஒரு வருடம் அவர் இருக்கும்போது யாரும் பாட்டிலைத் திறக்கவில்லை. வரைபடத்தை அவர் கையில் கொடுத்து, "இனி வழி நீ சொல்வதுதான்" என்றார்கள். அவருக்காக மகன் இஞ்சி, எலுமிச்சை, சர்க்கரை போட்டு, ஈஸ்ட் சேர்க்காமல் வாயுவை மட்டும் ஏற்றி ஒரு பானம் செய்கிறான். இப்போது அதில் வீட்டம்மா ஏலக்காய் தட்டிப் போடுகிறார். பீரைவிட அதுதான் சீக்கிரம் தீர்கிறது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தம்பியை நினைத்துக்கொண்டேன்.

என் மாணவர்களில் மூத்தவர்களுக்கு அவன் கடை ஞாபகம் இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை. 12 சைக்கிள், மணிக்கு 50 பைசா. கடை வாசலில் ஒரு பெஞ்சு. சாயங்காலமானால் அவன் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர் அதில்தான். ஒருவன் பஞ்சர் ஒட்டுவான், ஒருவன் பால்ரஸ் கழுவுவான், ஒருவன் பேப்பர் படிப்பான். ஞாயிற்றுக்கிழமை வாடகை வராத சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மலையடிவாரம் வரை போய் ஓடையில் குளித்துவிட்டு வருவார்கள். அன்றைக்கு அவர்களில் ஒருவனும் குடித்ததாக நான் அறியேன்.

பிறகு எல்லார் வீட்டிலும் மொபெட் வந்தது. 1998இல் கடையை மூடினான். பெஞ்சு யார் வீட்டு விறகானதோ தெரியவில்லை. கூட்டாளிகள் மட்டும் அப்படியே இருந்தார்கள். சாயங்காலம் கூட ஓர் இடம் வேண்டுமே? ஊரில் இருட்டிய பிறகு ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்தால் யாரும் எழுப்பாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. ஆரம்பத்தில் பேசத்தான் போயிருப்பான். அப்புறம் பேச்சு போய்விட்டது, மற்றது நின்றுவிட்டது.

நான் என்ன செய்தேன்? அண்ணன், ஊரில் மரியாதைப்பட்ட வாத்தியார். இரண்டு வருடம் அவனோடு பேச்சை நிறுத்தினேன். தீபாவளிக்கு வாசல் வரை வந்தவனை உள்ளே கூப்பிடவில்லை. குடிக்காதே என்று நூறு முறை சொன்னவன், "வாடா, ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஓடை வரைக்கும் சைக்கிள்ல போயிட்டு வரலாம்" என்று ஒரு முறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. முற்றிய பிறகு அது நோய், அதற்கு மருத்துவர் வேண்டும். முற்றுவதற்கு முன்னால் ஐந்தாறு வருடம் இருந்ததே, அதைப் பற்றித்தான் சொல்கிறேன்.

நம் பள்ளிகளில், மேடைகளில், இப்போது முகநூலில், மதுவுக்கு எதிராக எவ்வளவோ பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் எட்டு மணி நேரம் தறியிலோ பட்டறையிலோ நின்றுவிட்டு வரும் இருபத்தைந்து வயதுப் பையன் நண்பர்களோடு எங்கே உட்காருவான் என்று நாம் யோசித்ததே இல்லை. பள்ளி மைதானத்தை ஐந்து மணிக்குப் பூட்டுகிறோம். நானே பூட்டியிருக்கிறேன், சாவி என்னிடம்தான் இருந்தது. படிப்பகங்கள் பாழடைந்து கிடக்கின்றன. டீக்கடையில் அரை மணிக்கு மேல் உட்கார்ந்தால் முகம் மாறுகிறது. நல்லவர்கள் வீட்டில் டிவி பார்க்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

சிலர் பின்னூட்டத்தில் என்ன எழுதுவீர்கள் என்று தெரியும். "சார், அவங்களுக்கு வசதி இருக்கு. லட்ச ரூபாய் சைக்கிள், வாரம் ரெண்டு நாள் லீவு." உண்மைதான். மகன் சைக்கிளின் விலையைக் கேட்டு எனக்கு ஒரு வேளை சோறு இறங்கவில்லை. ஆனால் இந்த விளையாட்டு தொடங்கியது லட்ச ரூபாய் சைக்கிளில் இல்லை. 1970களில் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களைத் தூசி தட்டி எடுத்து மலைச்சரிவில் விட்டிருக்கிறார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். இறங்கி முடிப்பதற்குள் ஹப் சூடாகி உள்ளே இருக்கிற கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் பிரித்துக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தச் சரிவுக்கு 'ரீபேக்' என்று பெயர், திரும்ப அடைப்பது என்று பொருள். 1976இல் அங்கே முதல் பந்தயம் நடந்தது. மகன் இதைச் சொன்னபோது, என் தம்பி கைகள் முழங்கை வரை கிரீஸோடு இருந்தது கண்முன் வந்தது. அவனிடம் இல்லாத எந்தச் சாமானும் அவர்களிடம் இல்லை.

இன்னொன்றும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பீர் காய்ச்சலாம் என்று யாரும் என் பெயரைச் சொல்லிக் கிளம்ப வேண்டாம். தமிழ்நாட்டில் அது சட்டப்படி குற்றம். அது குற்றமாகவே இருக்கட்டும் என்பதுதான் என் கருத்தும். இங்கேயும் குடியால் அழிந்த குடும்பங்கள் உண்டு, பேருந்து ஓட்டுபவரே சாட்சி. இந்த ஃபோர்ட் காலின்ஸ் 1969 வரை மதுவிலக்கு இருந்த ஊர் என்பதும் எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது. மகனிடமும் என் மனக்குறையைச் சொல்லிவிட்டேன். பேரன் வளர்கிறான், கொட்டகையைப் பூட்டி வை என்றேன். மறுநாளே பூட்டு வாங்கி மாட்டினான்.

சென்ற சனிக்கிழமை என்னையும் லோரி பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். கார் நிறுத்துமிடத்தில் நிழலில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. கிளம்பும்போதே பேருந்து ஓட்டுபவரின் மகள் சைக்கிளில் காற்று இறங்கிவிட்டது. டயரில் ஒரு முள். குனிந்து பார்த்தால் நம் நெருஞ்சி! அதே மஞ்சள் பூ, அதே முள், பாதையோரம் படர்ந்திருக்கிறது. இவர்கள் ஆட்டுத்தலை என்கிறார்கள். மாற்று டியூப் மகன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். புதன்கிழமை ஒரு மணி நேரம் திட்டம் போட்டு என்ன பிரயோசனம்?

ஒட்டும் சொல்யூஷனும் மட்டும் பையில் இருந்தன. கொண்டா இங்கே என்று வாங்கினேன். டியூபை உருவி, பானத்துக்கு ஐஸ் வைத்திருந்த பெட்டித் தண்ணீரில் முக்கி, குமிழ் வரும் இடத்தில் விரலை வைத்து, துடைத்து, உரசி, பசை தடவி, அது காயும்வரை ஊதி, ஒட்டினேன். தம்பி கடையில் லீவு நாட்களில் பார்த்துக் கற்றது. நாற்பது வருடம் கழித்தும் கை மறக்கவில்லை. தச்சர் கைதட்டினார். அந்தப் பெண் ஒன்பது மைல் ஓட்டிவிட்டு வந்தாள், காற்று இறங்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஊர் திரும்புகிறோம். அங்கே என்னிடம் படித்தவர்களில் சைக்கிள் வைத்திருப்பவர்கள், பரணில் துருப்பிடித்துக் கிடந்தாலும் பரவாயில்லை, பின்னூட்டத்தில் பெயரைச் சொல்லுங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பழைய கடை இருந்த இடம். மலையடிவாரம் வரை போய்வரலாம். என் முழங்கால் கணக்கில்தான் வேகம். பஞ்சர் என் பொறுப்பு. பெஞ்சு ஒன்று செய்ய ஆசாரியிடம் விலை கேட்கச் சொல்லியிருக்கிறேன்.