உறுதி வாசிக்கத் தெரியாத பெண்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே பெண்ணுக்குக் காணி இல்லையென்று ஒருவருங் கூறார். வளவும் வீடும் பெரும்பாலும் அவள் பெயரிலேயே சீதனமாக எழுதப்படுகின்றன. ஆயின், அவ்வுறுதியைத் தானே வாசித்து விளங்கிக்கொண்ட மணப்பெண்கள் எத்துணைப் பேர்? நொத்தாரிசு வாசிப்பார், தகப்பனார் தலையசைப்பார், அவள் கையொப்பமிடுவாள். பின்னர் உறுதி ஆடவர் எவரோ ஒருவரின் பெட்டகத்திற் போய் உறங்கும்.

தேசவழமை 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தராட்சியிலே தொகுக்கப்பெற்று, 1806 இல் ஆங்கிலேயரால் சட்டவலுப் பெற்றது. முதுசம், தேடியதேட்டம் என்னுஞ் சொற்களைப் பிரித்துப் புணர்த்தி இலக்கணங் காட்ட வல்லவர்களாக எம் மாணவியரை ஆக்கியிருக்கின்றோம். 1911 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் அவர்களைப் பற்றி யாது கூறுகின்றதென்பதை மாத்திரம் சொன்னோமில்லை. மணமான பெண் தன் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் தன் முதுசக் காணியை விற்பதற்கோ மனைவியின் சம்மதம் வேண்டியதில்லை. இது நீதியோ என்று கேட்கவும் முதலில் இதனை அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

அச்சட்டத்திலேயே ஒரு வாயிலும் உண்டு. கணவன் கைவிட்டுச் சென்றாலும், இருக்குமிடந் தெரியாது போனாலும், தகுந்த காரணமின்றிச் சம்மதம் மறுத்தாலும் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். மரணசாதனம் எழுதச் சம்மதமே வேண்டா. 2009 இல் முடிந்த போரிலே கணவர் காணாமற்போக, பிள்ளைகளோடு தனித்து நிற்கும் பெண்கள் வடக்கிலே பலர். அவர்களுக்கு இவ்வொரு பிரிவு சோறு போடும். அதனைப் பள்ளியிலே யார் சொல்லிக் கொடுத்தார்?

வன்னிக் குடியேற்றக் காணிகளின் கதை வேறு. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் பின்னுரித்திலே ஆண்மக்களை முன்வைத்தது. அவ்வேற்றத்தாழ்வு 2022 இலேதான் நீங்கிற்று. நீங்கிய செய்தி எத்தனை குடிசைகளை எட்டிற்றோ!

“பண்டிதருக்கு நொத்தாரிசு வேலை எதற்கு?” என்று நண்பரொருவர் நகைத்தார். உறுதியில் உள்ளதும் தமிழ்தானே! நான்கெல்லை, பரப்புக் கணக்கு, பங்குக்கிணறு, வழிவாய்க்கால் உரிமை - இவற்றை வாசித்துப் பொருள்கொள்ளல் உரை காண்பதினும் எளிதன்று. ஒரு சொல் பிறழ்ந்தால் கிணற்றுப் பங்கு போய்விடும்.

பத்தாம் வகுப்புத் தமிழ்ப்பாடத்திலே வாரத்தில் ஒருபொழுதை இதற்கு ஒதுக்குக என்பதே யான் கேட்பது. பெயர்களை மறைத்த பழைய உறுதியொன்று போதும். ஒருத்தி வாசிக்க, மற்றவர்கள் கரும்பலகையிலே அக்காணியை வரையட்டும்.