கோர்ட்டின் நண்பர்கள் யாருக்கு நண்பர்கள்?

வாதியுமல்ல, பிரதிவாதியுமல்ல. ஆயினும் சுப்ரீம் கோர்ட்டில் மனுத் தாக்கல் செய்து, "எங்கள் வாதத்தையும் கேளுங்கள்" என்கிறார்கள். அமெரிக்காவில் இவர்களுக்குக் 'கோர்ட்டின் நண்பர்' என்று பெயர். பிறத்தியார் வழக்கில் பொதுநல வக்கீல் சங்கங்களுக்கு என்ன வேலை?

1957 மே மாதம். கிளீவ்லாந்து நகரில் ஒரு கறுப்பினப் பெண்ணின் வீட்டுக் கதவைப் போலீசார் உடைத்து நுழைந்தனர். குண்டு வெடிப்பு வழக்கில் ஒருவனைத் தேடுகிறோம் என்றார்கள். வாரண்டு எங்கே என்று அவர் கேட்டார்; ஒரு காகிதத்தை ஆட்டிக் காட்டினார்கள். (அந்த வாரண்டு கடைசிவரை கோர்ட்டுக்கு வரவேயில்லை!) வீடு முழுவதையும் கிளறி, ஆபாசப் புத்தகங்கள் கிடைத்தன என்று வழக்குத் தொடர்ந்தனர். ஏழாண்டு வரை சிறை என்று தண்டனையும் விதிக்கப்பட்டது.

மேல்முறையீட்டில் அவருடைய வக்கீல், புத்தகம் வைத்திருப்பதைக் குற்றமாக்கிய சட்டத்தையே முக்கியமாகத் தாக்கினார். அதில் தவறில்லை, கட்சிக்காரரை விடுவிப்பது அவர் கடமை. ஆனால் தீர்ப்பு அந்தப் பெண்ணோடு முடிவதில்லை. நாளை கதவு உடைபடும் ஒவ்வொரு வீட்டையும் அது கட்டுப்படுத்தும். அந்த வீடுகளுக்காகப் பேச யார் இருந்தார்கள்?

அமெரிக்க சிவில் உரிமைகள் சங்கம் இருந்தது. சட்டவிரோதமாகப் புகுந்து எடுத்த பொருளை மாநிலக் கோர்ட்டுகள் சாட்சியமாக ஏற்கலாம் என்ற 1949-ம் ஆண்டுத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யுமாறு அதன் மனு கோரியது. கோரிக்கை ஒரே ஒரு பத்திதான். 1961 ஜூன் 19 அன்று, 'மாப்' வழக்கில் சுப்ரீம் கோர்ட் பழைய தீர்ப்பைத் தூக்கியெறிந்தது. அந்தப் பெண்ணும் விடுதலையானார்.

இந்த வாசல் ஏழைகளுக்கு மட்டும் திறந்ததல்ல. அமெரிக்க முதலாளிகளின் வர்த்தக சம்மேளனமும் 'நண்பராக' அங்கே ஓயாமல் மனுப் போடுகிறது. பெற்றதும் நிலைப்பதில்லை: குறையுள்ள வாரண்டை நல்லெண்ணத்தோடு நம்பிச் சோதனையிட்டால் சாட்சியம் செல்லும் என்று 1984-ல் அதே கோர்ட் பிடியைத் தளர்த்தியது.

நம் நாட்டிலோ, சோதனை சட்டவிரோதமாயினும் கிடைத்த பொருள் சாட்சியமாகலாம் என்று 1974-ல் பூரண்மல் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் அதே கோர்ட் தீர்ப்பளித்த பிறகு, பூரண்மல் தீர்ப்பை எதிர்த்து வாதாட இடமுண்டு. குடிசையிலோ மில் லயனிலோ கதவை உடைத்துத் தோழர் ஒருவர்மீது வழக்குப் போட்டால், அவரை விடுவிக்க வாதாடும் வக்கீலோடு, அந்தத் தீர்ப்பை எதிர்த்து வாதாட இன்னொரு வக்கீலையும் சங்கங்கள் அனுப்பட்டும்.