காரணம் எழுதாத தடை

இணைய விளையாட்டுத் தளம் ஏதாவது ஒன்று கட்டுப்பாடு அதிகமுள்ள நாட்டுக்குள் நுழைந்து அங்கே அடி வாங்கினால், நண்பர்கள் மத்தியில் ஒரே கதைதான் ஓடும். அரசு வில்லன். நிறுவனம் பாவம், சுதந்திரத்துக்காக நின்று உதை வாங்கியது. இந்தக் கதையின் முதல் பாதியில் எனக்குத் தகராறு இல்லை. இரண்டாம் பாதி பொய்.

2017 செப்டம்பரில் மலேசியாவில் ஸ்டீம் தளத்தை முடக்கியது பலருக்கு ஞாபகம் இருக்கும். நான் அப்போது பல்கலைக்கழக விடுதியில் இருந்தேன். தைவான்காரர்கள் செய்த 'ஃபைட் ஆஃப் காட்ஸ்' என்ற சண்டை விளையாட்டுதான் காரணம். இயேசு, புத்தர், சியுஸ் எல்லாரும் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வார்கள். இயேசு சிலுவையிலிருந்து கைகளைப் பிய்த்துக்கொண்டு வந்து, மரத்துண்டோடு குத்துவார். நல்ல ரசனை என்று நான் வாதாட வரவில்லை. அதை விற்பனையிலிருந்து எடுக்க அரசு 24 மணி நேரக் கெடு விதித்தது. கெடு முடிந்ததும் ஒரு விளையாட்டுக்குப் பதிலாகக் கடையையே சாத்தினார்கள். விளையாட்டை வெளியிட்ட நிறுவனம் மலேசியாவில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டதாக அறிவித்தது. மறுநாளே ஸ்டீம் திரும்ப வந்துவிட்டது. விடுதியில் எல்லாரும் நிம்மதியாக டோட்டாவுக்குத் திரும்பினோம்.

ஒரு விளையாட்டுக்காக ஏன் முழுக் கடையையும் மூட வேண்டும்? அமைச்சரின் கோபத்தைவிடத் தொழில்நுட்பம்தான் இதற்குப் பதில். பூட்டுச் சின்னம் போட்ட இணைப்பில், நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது மட்டும்தான் உங்கள் இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரியும். உள்ளே எந்தப் பக்கத்தைத் திறக்கிறீர்கள் என்று தெரியாது. ஆகவே ஒரு பக்கத்தை மறைக்கச் சொன்னால், அவர்களால் செய்ய முடிந்தது முழுத் தளத்தையும் அடைப்பதுதான். அரசின் கையில் இருப்பது கோடாரி. வெட்டினால் ஊருக்கே சத்தம் கேட்கும். லட்சக்கணக்கான பேர் தங்கள் பணம் போட்டு வாங்கியதைத் திறக்க முடியாமல் கத்துவார்கள், வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதும், அமைச்சர் பதில் சொல்ல வேண்டி வரும்.

அந்தச் சத்தத்துக்குப் பலன் உண்டு. 2007 நவம்பரில் சிங்கப்பூரின் அன்றைய ஊடக மேம்பாட்டு ஆணையம் 'மாஸ் எஃபெக்ட்' விளையாட்டைத் தடை செய்தது. ஒரு பெண்ணும் பெண் உருவம் கொண்ட வேற்றுக்கிரகவாசியும் நெருங்கும் ஒரு காட்சிக்காக. விஷயம் வெளியே தெரிந்து பேச்சாக, சில நாளிலேயே 18 வயது முத்திரையோடு தடையை நீக்கினார்கள். அடுத்த ஆண்டே விளையாட்டுகளுக்கு வயது வகைப்பாட்டு முறை வந்தது. நம் பக்கம் 2024 செப்டம்பரில், வெளி டிஎன்எஸ் சேவைகளைப் பயன்படுத்துகிறவர்களையும் உள்ளூர் சேவை நிறுவனங்களின் வழங்கிகளுக்கே திருப்பிவிட வேண்டும் என்று தொடர்பு பல்லூடக ஆணையம் உத்தரவிட்டது. பயனர்கள் கண்டுபிடித்து ஆர்ப்பாட்டம் செய்தார்கள். சில நாளில் அமைச்சர் தலையிட்டு அதை நிறுத்தினார். கோடாரியை ஓங்கியது தெரிந்ததால்தான் பிடித்து நிறுத்த முடிந்தது.

அரசிடம் இல்லாதது ஊசி. அது தளத்தின் கையில் இருக்கிறது.

என் வேலையை வைத்துச் சொல்கிறேன். நான் விளையாட்டு நிறுவனத்தில் இல்லை, பல நாடுகளில் டிஜிட்டல் சரக்கு விற்கும் ஒரு மென்பொருளின் பின்பக்கத்தில் வேலை பார்த்தவன். எந்தச் சரக்கை எந்த நாட்டில் காட்டக் கூடாது என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. சரக்கின் எண், நாட்டின் இரண்டெழுத்துக் குறியீடு, தேதி. அவ்வளவுதான். ஒரு வரி சேர்த்தால் அந்த நாட்டுக்காரனுக்கு அந்தச் சரக்கு உலகத்திலேயே இல்லாத மாதிரி ஆகிவிடும். தேடினாலும் வராது. "ஏன் மறைத்தோம்னு எழுத ஒரு கட்டம் வேணாமா?" என்று கேட்டேன். "யாரு படிக்கப் போறா?" என்றார் என் மேலாளர். கெட்ட மனிதர் இல்லை. ஆறு மணிக்கு வீட்டுக்குப் போக நினைக்கிற சாதாரண மனிதர்.

எந்த விளையாட்டுக் கடைக்கும் இது மாதிரி ஓர் அட்டவணை இல்லாமல் பிழைப்பு நடக்காது. விலை, வரி, உரிமம், வயது முத்திரை எல்லாமே நாட்டுக்கு நாடு மாறும். ஆக, கட்டுப்பாடுள்ள நாட்டுக்குள் ஒரு தளம் 'விரிவடைகிறது' என்றால் என்ன நடக்கிறது? தன் ஊசியை அந்த அரசுக்கு இரவல் கொடுக்கிறது. பதிலுக்குச் சந்தை கிடைக்கிறது. இதை 'உள்ளூர்ச் சட்டத்துக்கு உட்படுதல்' என்று நாசூக்காகச் சொல்வார்கள். கோடாரி இருந்தபோது அரசு வெட்கப்பட வேண்டியிருந்தது, இப்போது அந்த வெட்கமும் தேவையில்லை.

இந்தோனேசியாவைப் பாருங்கள். 2022 ஜூலை 30ஆம் தேதி ஸ்டீம், எபிக், பேபால் என்று வரிசையாக முடக்கினார்கள். தளங்கள் அரசிடம் பதிவு செய்துகொள்ளவில்லை என்பது குற்றம். நாடே கொதித்தது. சில நாளில் ஸ்டீம் பதிந்துகொண்டது, தடை நீங்கியது, எல்லாரும் வெற்றி என்று கொண்டாடினார்கள். பதிந்துகொண்ட விதிமுறையில் என்ன இருக்கிறது? அரசு கேட்டால் 24 மணி நேரத்தில் உள்ளடக்கத்தை நீக்க வேண்டும், அவசரம் என்றால் 4 மணி நேரத்தில். கொதித்தவர்கள் அடங்கிய பிறகுதான் இந்த விதியின் வேலையே ஆரம்பிக்கிறது.

சீனா இந்த விஷயத்தில் வெகுதூரம் போய்விட்டது. 2021 பிப்ரவரியில் ஸ்டீமின் சீனப் பதிப்பு தொடங்கியபோது அதில் இருந்தவை சுமார் 50 விளையாட்டுகள். உலகப் பதிப்பில் பல்லாயிரம். ஆனால் எனக்கு அதைவிடக் கசந்தது 'டிவோஷன்' கதை. தைவானின் ரெட் கேண்டில் குழு 2019இல் வெளியிட்ட திகில் விளையாட்டு. எண்பதுகளின் தைபே அடுக்குமாடி வீடு ஒன்றில், மகளின் நோய்க்கு மூடபக்தியில் தீர்வு தேடும் ஓர் அப்பாவின் கதை. நல்ல நாவலுக்குரிய கரு. சுவரில் ஒட்டியிருந்த தாயத்துச் சீட்டு ஒன்றில் ஷி ஜின்பிங்கைக் கிண்டல் செய்யும் எழுத்து இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். சீனாவில் அதை வெளியிட்ட நிறுவனத்தின் உரிமம் பறிபோனது. குழு மன்னிப்புக் கேட்டு விளையாட்டைத் திரும்பப் பெற்றது. இதுவரை சீனாவின் கதை. 2020 டிசம்பரில் போலந்தின் ஜிஓஜி கடை அதை விற்கப்போவதாகச் சொன்னது. சில மணி நேரத்தில் பின்வாங்கியது. விளையாட்டாளர்களிடமிருந்து நிறைய செய்திகள் வந்தனவாம், அதனால் பட்டியலில் சேர்க்கவில்லையாம். எந்த விளையாட்டாளர்கள், என்ன செய்தி? பதில் இல்லை. போலந்தில் எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. ஹார்வர்ட்-யென்சிங் நூலகம் அந்தப் படைப்பைத் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது, கடைக்காரருக்குத்தான் துணிச்சல் வரவில்லை. கடைசியில் குழுவே தன் சொந்தத் தளத்தில் 2021இல் விற்க ஆரம்பித்தது.

"பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டாமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். வேண்டும். சூதாட்டத்தைச் சிறுவர் விளையாட்டுக்குள் ஒளித்து விற்பதைத் தடுக்க வேண்டும், அரட்டை அறைகளில் பிள்ளைகளைக் குறிவைக்கிறவர்களைப் பிடிக்க வேண்டும். 2021இல் சீனா 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும் என்று விதித்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அதை வாசிக்க முடிகிறது, மணி என்ன என்று தெரிகிறது, தப்பு என்று எழுத முடிகிறது. காப்பாற்றுவதற்காகப் போட்ட விதியை ஒளித்துவைக்க வேண்டிய அவசியம் என்ன?

இலக்கியம் வாசிக்கிற நமக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 2001 கம்போங் மேடான் கலவரம் பற்றி கா. ஆறுமுகம் தமிழில் எழுதிய 'மார்ச் 8' நூலை அரசு தடை செய்தது. அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின் கீழ். அவர் நீதிமன்றம் போனார், மேல்முறையீட்டிலும் தோற்றார். ஆனால் தீர்ப்பு இருக்கிறது. நூல் பெயர், அமைச்சு சொன்ன காரணம், அதற்கு எதிரான வாதம் எல்லாம் எழுத்தில் இருக்கிறது. சிஸ்டர்ஸ் இன் இஸ்லாம் அமைப்பின் கட்டுரைத் தொகுப்பைத் தடை செய்தபோது, அதே வழியில் போய் 2010இல் உயர் நீதிமன்றத்தில் தடையை உடைத்தார்கள். தடை என்று ஒரு தாள் இருந்ததால்தான் எதிர்த்து வழக்குப் போட முடிந்தது. மின்னூல் கடைகளும் நான் சொன்ன அட்டவணை போன்ற ஒன்றை வைத்துத்தான் ஓடுகின்றன. நாளைக்கு ஒரு நாவல் மலேசியக் கடையில் காணாமல் போனால் யார் மேல் வழக்குப் போடுவீர்கள்? உத்தரவு வந்ததா, அல்லது உத்தரவு வருமோ என்ற பயத்தில் அவர்களே எடுத்தார்களா என்பதுகூடத் தெரியாது.

80 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள சமூக ஊடக, குறுஞ்செய்தித் தளங்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் மலேசியா உரிமத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. விளையாட்டுக் கடைகளின் முறை வந்தால் 'உரிமம் வேண்டாம்' என்று மட்டும் கத்தி நேரத்தை வீணாக்க நான் தயாராக இல்லை. உரிமத்தில் ஒரு நிபந்தனை வேண்டும். மறைத்த ஒவ்வொரு சரக்கின் பெயரும், கேட்டது யார், எந்தச் சட்டப் பிரிவு, எந்தத் தேதி என்பதும் பொதுவில் இருக்க வேண்டும். யாரும் கேட்காமலே கடை எடுத்திருந்தால் அதையும் அப்படியே எழுத வேண்டும். அரசுகளின் நீக்கக் கோரிக்கைகளை கூகுள் பல வருடமாக எண்ணிக்கையோடு வெளியிடுகிறது, ஆகவே முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். பொறியாளனாகச் சொல்கிறேன், அட்டவணையில் காரணத்துக்கு ஒரு கட்டம் சேர்க்க அரை நாள் போதும்.