நாப்பது பேர் முன்னால பேசறது

கிராம சபைன்னா ஆலமரத்தடி, சொம்பு, நாட்டாமைன்னு டவுன் நண்பர்கள் பலர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அதெல்லாம் சினிமா. நிஜத்துல ஒரு சாமியானா பந்தல், வாடகை பிளாஸ்டிக் சேர், கொரகொரன்னு ஒரு மைக். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1ன்னு வருசத்துக்கு ஆறு நாள். ஊர் வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா போதும், யார் வேணும்னாலும் எழுந்து பேசலாம்.

கேக்கத்தான் ஆள் இல்ல. 501லேர்ந்து 3000 பேர் வரைக்கும் இருக்கிற ஊராட்சின்னா 100 பேர் வரணும். நூறு நாள் வேலைக்கு வந்தவங்களக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சுக் கணக்கச் சரி பண்ணுவாங்க. கையெழுத்துப் போட்டதும் பாதி சேர் காலி. மிச்சம் இருக்கிற நாப்பது பேர் முன்னாலதான் மூணு வருசமா ஏரி வரத்து வாய்க்கால் பத்திப் பேசறேன். மழை பெஞ்சா தண்ணி ரோட்டுல ஓடுது, ஏரிக்கு வர்றதில்ல. "அண்ணன் ஆரம்பிச்சிட்டாருப்பா"ன்னு பின்னால சிரிப்பாங்க.

எத்தனை பேர் கேட்டாங்கன்னு பார்த்து ஒரு பேச்சை எடை போடறதுல எனக்கு உடன்பாடு இல்ல. ஒடிசாவுல நியம்கிரி மலையில பாக்சைட் சுரங்கம் வர இருந்தப்போ, அந்த மலைமேல தங்களுக்கு உள்ள உரிமையைப் பத்தி கிராம சபைகளே முடிவு பண்ணட்டும்னு 2013ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. கூடினது 12 சின்னச் சின்ன ஊர். அதுல ஒண்ணுல இருந்ததே ஒரு குடும்பம்தான். பன்னெண்டும் சுரங்கம் வேண்டாம்னுச்சு. 2014 ஜனவரியில மத்திய அரசு அனுமதி மறுத்துடுச்சு.

எல்லா ஊருக்கும் அப்படி அமையாது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிரா ஏகனாபுரத்துக்காரங்க 2022 ஆகஸ்ட் 15ல ஆரம்பிச்சு சபைக்குச் சபை தீர்மானம் போட்டாங்க. திட்டம் நிக்கல. ஆனா அந்த ஊர் வாயத் தொறக்காம சம்மதிச்சுதுன்னு இனிமே யாரும் எழுத முடியாது.

இதுல கஷ்டம் எங்கேன்னா, ஊருக்குள்ள எல்லாரும் மாமன் மச்சான். வாய்க்கால மடக்கி நெல்லு நட்டவர் எனக்குப் பங்காளி முறை. டவுன்ல பேர் தெரியாத ஆளா நின்னு கத்திட்டுப் போயிடலாம். இங்க முகத்தப் பார்த்துச் சொல்லணும், சாயங்காலம் அதே டீக்கடையில பக்கத்துப் பெஞ்சுல உக்காரணும். அவர் பொண்ணு கல்யாணத்துக்கு எங்க வீட்டுக்குப் பத்திரிகை வரல. அம்மாவுக்கு அதுல இன்னும் வருத்தம்தான்.

போன சபையில நான் பேசி முடிச்சதும் எழுவது வயசுப் பாட்டி ஒண்ணு எழுந்து, "நான் நடவுக்குப் போன காலத்துல அந்த வாய்க்காலத் தாண்டினா முழங்கால் நனையும்யா"ன்னுச்சு. ஊராட்சி செயலர் அதையும் தீர்மான நோட்டுல எழுதிக்கிட்டார்.

வாய்க்கால் இன்னும் அப்படியேதான் கிடக்கு. அக்டோபர் 2க்கு சர்வே நம்பரோட ஊர் வரைபடத்தையும் எடுத்துக்கிட்டுப் போகலாம்னு இருக்கேன்.